ஆஃப்-ஆன் அக்கா

அக்கா இறந்த செய்தி எங்கள் பழைய பேக்கிங் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. 'அக்கா டைட் வித் கேன்சர்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே கும்பிடும் கைகளும் அழும் முகங்களும் வரிசையாக நின்றன. படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. 'வித்' இல்லை, 'ஆஃப்' வர வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. சாவுச் செய்தியில் பிழை பார்க்கிறவள் மனுஷியா என்று நீங்கள் கேட்கலாம். அவரோடு பத்தொன்பது வருஷம் ஒரே கேன்டீனில் பசியாறியிருந்தால் நீங்களும் அப்படித்தான் ஆகியிருப்பீர்கள்.

'ஆஃப்' என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டி அனுப்பினேன். ஒருவருக்கும் புரியவில்லை. "என்ன ஆஃப்? போன் ஆஃபா?" என்று யாரோ கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

எங்கள் தொழிற்சாலை மலேசியாவில், மலாக்காவின் பாச்சாங்கிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருந்தது. மின்சாதனங்களுக்கான சின்னச் சின்ன பாகங்களைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். நான் புலாவ் செபாங்கிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவள், பெட்டி கட்டும் லைனில் வேலை. அக்கா குவாலிட்டி பிரிவு. லைனில் நாங்கள் கிறுக்கித் தரும் ரிப்போர்ட்டுகளை எல்லாம் படித்து, வெளிநாட்டுக்காரன் சிரிக்காத அளவுக்குத் திருத்தி அனுப்புவதுதான் அவர் வேலை. செலண்டார் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்து பள்ளி இறுதியான ஃபார்ம் ஃபைவ் வரை படித்தவர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனால் டிகிரி முடித்து வந்த எஞ்சினியர்கள் அவர் மேசைக்கு வரும்போது பள்ளிப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

எழுத்துப் பிழையை அவர் மன்னிப்பார். காலம் மாறி எழுதினாலும் முகம் சுளிக்காமல் திருத்துவார். வினைச்சொல்லுக்குப் பின்னால் வருகிற அந்தக் குட்டிச் சொல் தப்பாக இருந்தால் மட்டும் அவருக்கு உடம்பு தாங்காது. 'ஆஃப்', 'ஆன்', 'டு', 'அட்', 'ஃபார்', 'வித்'. மேல்சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா, அதோடு '555' என்று அட்டையில் போட்ட குட்டி நோட்டு. அந்த நோட்டு முழுக்க இடதுபக்கம் வினைச்சொல், வலதுபக்கம் அதற்குரிய குட்டிச் சொல். ஜோடிப் பொருத்தம் பார்த்த மாதிரி எழுதி வைத்திருப்பார். எங்கள் லைன் பெண்கள் அவருக்கு ஆஃப்-ஆன் அக்கா என்று பெயர் வைத்தார்கள். சுவிட்சு மாதிரி பெயர். அவருக்கும் அது தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

எனக்கும் அவருக்கும் முதல் பழக்கமே சண்டையில்தான் ஆரம்பித்தது. நான் எழுதின ரிப்போர்ட் ஒன்றில் ஏழு இடத்தில் சிவப்பு மை போட்டு, அதை லைனில் எல்லோர் முன்னாலும் திருப்பித் தந்தார். எனக்கு மானம் போய்விட்டது. நமக்கும் இங்கிலீஷ் வரும் என்று காட்ட வேண்டாமா? "ஐ ஆம் ஆங்கிரி ஆன் யூ" என்றேன்.

அக்கா அமைதியாக என்னைப் பார்த்தார். "'ஆன் யூ' இல்லம்மா, 'வித் யூ'. என் மேல ஏறி உக்காந்துக்கிட்டா கோபப்படுற?"

லைனே சிரித்தது. பெல்ட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நானும் கடைசியில் சிரித்துத் தொலைத்தேன்.

அன்றைக்குக் கேன்டீனில் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்து, ஏன் நாம் எல்லோரும் அந்தத் தப்பைச் செய்கிறோம் என்று அவரே சொன்னார். "தமிழ்ல 'உன் மேல கோபம்'னு சொல்றோம். அந்த 'மேல'யத் தூக்கிக்கிட்டுப் போயி இங்கிலீஷ்ல வச்சா 'ஆன்' ஆயிடுது. மலாய்க்காரன் 'அவளோட கல்யாணம்'னு சொல்லுவான், அவன் 'மேரீட் டு'க்குப் பதிலா 'மேரீட் வித்'னு எழுதுவான். நமக்கு அது வாலு மாதிரி, சொல்லோட ஒட்டிக்கிட்டு வருது. இங்கிலீஷ்காரனுக்குத் தனியா நடந்து வருது. தனியா நடக்கிறது யாரு கூட வேணும்னாலும் போயிடும். நாமதான் பாத்துக் கூட்டிட்டுப் போகணும் லா."

இந்தப் பேச்சை நான் பிறகு ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த வாலுக்கு வரும்போது விரலை ஆட்டிக் காட்டுவார்.

அவரால் அடக்கிக்கொள்ள முடியாது என்பதுதான் உண்மை. கம்பெனி நோட்டீஸ் போர்டில் நிர்வாகம் ஒட்டின அறிவிப்பில், தொலைந்துபோகும் பொருளுக்குத் தாங்கள் 'ரெஸ்பான்சிபள் ஆஃப்' இல்லை என்று இருந்தது. அக்கா சிவப்புப் பேனாவை எடுத்து 'ஆஃப்'பை அடித்து 'ஃபார்' என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். கேமராவில் பார்த்து எச்.ஆர். அம்மா கூப்பிட்டு விட்டார். நிர்வாக அறிவிப்பில் கிறுக்கியதற்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னார். அக்கா எழுதித் தந்தார். அந்த அம்மாவின் மெமோவிலும் இரண்டு இடத்தைத் திருத்தி, அதையும் சேர்த்தே தந்தார்.

இன்னொரு தடவை எங்கள் டெக்னீஷியன் பையன் ஒருவன், மலாய்க்காரன், கல்யாண அழைப்பிதழை நீட்டினான். ஆங்கிலத்தில் அச்சடித்து, தங்க எழுத்தில், 'மேரீட் வித்' என்று போட்டிருந்தான். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தோம். அவர் கை பைக்குள் போனது, வெளியே வந்தது, மறுபடியும் போனது. அழைப்பிதழை மூடி, "தஹ்னியா" என்று மலாயில் வாழ்த்துச் சொல்லி அவனை அனுப்பி வைத்தார். அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணத்துக்குப் போய் வந்த பிறகுதான், "கூடத்தான் இருக்கப் போறாங்க, 'வித்'தா இருந்தா என்ன இப்போ" என்று தானாகவே சொல்லிக்கொண்டார்.

அக்காவுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. கழுத்தில் தாலி இருந்தது. வீட்டுக்காரரை மட்டும் நாங்கள் பார்த்ததில்லை. யாராவது கேட்டால், அதுவரை தமிழில் பேசிக்கொண்டிருப்பவர் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறி, "ஹி லெஃப்ட் ஃபார் சிங்கப்பூர்" என்பார். அவர் சிங்கப்பூருக்குக் கிளம்பிப் போயிருக்கிறார், அவ்வளவுதான். காலை பஸ்ஸில் போனவர் மாதிரி சொல்வார். அடுத்த கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது.

எங்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் போனவர், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். மலாக்காவிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு தூரம்? காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாடு அங்கே. "சிங்கப்பூர் போற ஜோகூர் பாலத்துல இருபது வருஷமாவா ஜாமு?" என்று கேன்டீனில் ஒருத்தி கேட்பாள், மற்றவர்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிறகு என் முறை வந்தது.

எங்கள் லைனுக்கு ஒரு சூப்பர்வைசர் வந்து சேர்ந்தார். நம்ம ஆள்தான். பின்னால் வந்து நின்றுகொண்டு மேசையை விரலால் தட்டுவார். எனக்கு அப்போது வீட்டில் நிம்மதி இல்லை. லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முதுகு போய்ப் படுத்துவிட்டார். மகள் ஐந்தாம் படிவம். என் ஒருத்தி சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அந்த மனுஷன் ஒரு வாரமாக என்னை 'லெம்பாப்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மந்தம் என்று அர்த்தம். பெயர் சொல்லிக்கூட இல்லை, அதுதான் என் பெயர் மாதிரி.

அன்றைக்கு லைனின் அந்தக் கோடியிலிருந்து, "ஏய் லெம்பாப், கட்டர் குடு" என்றார். பெட்டி அறுக்கிற கட்டர் என் கையில் இருந்தது. தூக்கிப் போட்டேன். அது அவர் கன்னத்தில் பட்டுக் கீழே விழுந்தது. மூக்குக் கண்ணாடி கழன்றது. ரத்தம் எல்லாம் இல்லை, ஒரு சிவப்புக் கோடு. ஆனாலும் கட்டர் கட்டர்தானே. மறுநாளே எனக்கு ஷோ காஸ் கடிதம் வந்துவிட்டது. வேலையை விட்டு ஏன் நீக்கக்கூடாது என்று மூன்று நாளில் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், பிறகு விசாரணை.

நானும் மகளும் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினோம். அக்காவிடம் கொண்டு போனேன். மத்தியான இடைவேளை, கேன்டீனில் அவர் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் படித்தார். பொட்டலத்தை மூடி ஓரமாக வைத்தார்.

"'ஐ த்ரூ தி கட்டர் அட் ஹிம்'. இப்படியா எழுதியிருக்க?"

"ஆமாக்கா. அவரு மேல போட்டேன்ல."

"உன் மேல புகார் எழுதினவனும் அதேதான் எழுதியிருப்பான். இதக் குடுத்தியன்னா அவங்க விசாரிக்கவே வேணாம், நீயே உன் சீட்டைக் கிழிச்சிக்கிட்ட." விரலால் அந்தச் சொல்லைத் தொட்டார். "'த்ரோ'வுக்கு ரெண்டு இருக்கு. 'டு' போட்டா, அந்த ஆளு பிடிக்கணும்னு போட்டது. 'அட்' போட்டா, படணும்னு போட்டது. நீ எதுக்குப் போட்ட? பிடிக்கணும்னு போட்டியா, படணும்னு போட்டியா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் பொட்டலத்தின் மேல் சுற்றியிருந்த ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் படுத்திருக்கிறவர் ஞாபகத்துக்கு வந்தார்.

"பிடிக்கணும்னுதான்க்கா."

"பிளேடு வெளிய இருந்துச்சா, உள்ளயா?"

"உள்ளதான். சத்தியமா." அது உண்மை.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, தான் எழுதாமல், என்னிடம் நீட்டினார். பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பேனாவை அவர் வேறு யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. "நான் மாத்தித் தர மாட்டேன். இது உன் சொல்லு. நீயே மாத்து." நானே 'அட்'டை அடித்து 'டு' என்று எழுதினேன்.

விசாரணைக்குத் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிப் போகலாம். அக்கா வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் எச்.ஆர். அம்மா, வெளிநாட்டுக்கார ஃபேக்டரி மேனேஜர், ஓரத்தில் சூப்பர்வைசர். மேனேஜர் சூப்பர்வைசரின் புகாரையும் என் விளக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் 'அட்' இருந்தது, இன்னொன்றில் 'டு' இருந்தது. நடந்தது ஒன்றுதானே, இதில் என்ன வித்தியாசம் என்று கேட்டார்.

அக்கா எழுந்தார். வெள்ளைப் பலகை அழிக்கிற டஸ்டரைக் கையில் எடுத்தார். "சார்" என்று கூப்பிட்டு, மெதுவாக அவரிடம் போட்டார். அவர் தன்னையறியாமல் இரண்டு கையாலும் பிடித்தார்.

"திஸ் இஸ் 'டு', சார்" என்றார் அக்கா. டஸ்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "ஷல் ஐ ஷோ யூ 'அட்'?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மேனேஜர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். எச்.ஆர். அம்மாகூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் எழுதின புகாரை எடுத்து, அதில் அவரே 'ஐ ஆஸ்க்ட் ஃபார் தி கட்டர்' என்று எழுதியிருப்பதைக் காட்டினார். கட்டரைக் கேட்டது அவர்தான். 'ஃபார்' போட்டுக் கேட்டவருக்கு 'டு' போட்டுத்தான் வரும். அவர் பிடிக்கத் தவறினால் அது கவனக்குறைவு, தாக்குதல் இல்லை. அவளை அவர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. என்னை வேறு லைனுக்கு மாற்றினார்கள். வேலை தங்கியது. வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, "போ, லைன் ஓடுது" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்று மாதம் என் ரிப்போர்ட்டில் சிவப்பு மையே இல்லை. தப்பாக எழுதினால் அக்கா சத்தமில்லாமல் கம்ப்யூட்டரில் திருத்தி அனுப்பிவிடுவார். எனக்கு ஒன்றும் திரும்பி வராது. பேசுவார், சிரிப்பார், பசியாறிட்டியா என்று கேட்பார். திருத்த மட்டும் மாட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். வேண்டுமென்றே தப்பாக எழுதிப் பார்த்தேன், அதற்கும் அசையவில்லை.

அந்த மாதங்களில்தான் கேன்டீனில் மறுபடி ஜோகூர் பாலத்துப் பேச்சு வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, "அந்தக்கா புருஷன் உண்மையிலேயே எங்க?" என்று கேட்டாள். சிரிக்கத் தயாராக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சிங்கப்பூர் போயிருக்காரு. வேல இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு என் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். திரும்பினால் அக்கா தேத்தண்ணி வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். காதில் விழுந்ததா தெரியாது.

மறுநாள் காலை என் மேசையில் ஒரு ரிப்போர்ட் கிடந்தது. 'வெயிட் யுவர் ரிப்ளை' என்று நான் எழுதியிருந்ததன் நடுவில், சிவப்பு மையில் கொட்டையாக ஒரு 'ஃபார்'. அந்தத் தாளை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

அவர் வேலை ஓய்வு பெற்று மூன்றாவது வருஷம் வயிற்றில் கட்டி என்றார்கள். மலாக்காவில் ஒரு தனியார் மருத்துவமனை. அவர் தங்கை கிள்ளானிலிருந்து வந்துகொண்டிருந்தார், அதுவரை நான் கூட இருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, சின்ன வயது நர்ஸ், ஆபரேஷனுக்குச் சம்மதம் எழுதித் தரும் பாரத்தோடு வந்தாள். அதில் என் பெயரை எழுதச் சொன்னாள். அடுத்த கட்டத்தில் நோயாளிக்கு நான் என்ன உறவு என்று கேட்டிருந்தது. எழுதினேன்.

"ஹஸ்பண்ட் இருக்காரா ஆன்டி?" என்று நர்ஸ் என்னைத்தான் கேட்டாள்.

பழக்கம் முந்திக்கொண்டது. "ஹி லெஃப்ட் ஃபார் சிங்கப்பூர்" என்றேன்.

"ஓ. எப்ப திரும்பி வருவாரு? இங்க அவரு சைன் வச்சா நல்லது."

கட்டிலில் இருந்து அக்காவின் குரல் வந்தது. மெதுவான குரல், ஆனால் ரிப்போர்ட் திருத்துகிற அதே குரல்.

"'ஃபார்' வேணாம்மா. சில வெர்புக்குப் பின்னால ஒண்ணுமே தேவையில்ல. 'லீவ்'வும் அப்படித்தான், நேரா ஆளப் போட்டுறலாம். ஹி லெஃப்ட் மீ. அப்படி எழுதிக்கோ."

அந்தப் பிள்ளை, "சரி ஆன்டி, டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரேன்" என்று பாரத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன்.

"இப்ப நீ சொல்லு" என்றார் அக்கா.

"என்னக்கா?"

"கட்டரு. 'டு'வா, 'அட்'டா?"

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கேன்டீனில் வராத பதில் அங்கே உடனே வந்தது. "'அட்'தான்க்கா. படணும்னுதான் போட்டேன்."

"தெரியும்."

"எப்பருந்து?"

"அன்னைக்கே. பிடிக்கணும்னு போட்டவளுக்குப் பதில் சொல்ல யோசன எதுக்கு?"

"தெரிஞ்சேவா அங்க வந்து டஸ்டரத் தூக்கிப் போட்டீங்க? அப்படிப்பட்ட ஆளா நீங்க?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். "நான் இத்தன வருஷமா 'ஃபார்' போட்டேனே. நீ செவப்புப் பேனா எடுத்தியா?"

அவர் கண்ணைத் திறந்து, கட்டில் மேல் கிடந்த பாரத்தை எடுத்து, மூக்குக் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் படித்தார். உறவு என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்ததைப் பார்த்ததும் புருவம் நெரிந்தது.

"'ஃப்ரெண்ட் ஃப்ரம் பேஷண்ட்'. என்னம்மா இது, பேஷண்ட்டுலருந்து வந்த ஃப்ரெண்டா?"

"அவசரத்துல எழுதிட்டேன்க்கா."

"என் பைக்குள்ள செவப்புப் பேனா இருக்கு, எடு."

ஜன்னலோரத்து நாற்காலியில் அவர் பை இருந்தது. பேனா அடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அக்கா கட்டிலிலிருந்து கையை நீட்டினார்.

"தூக்கிப் போட்றாத" என்றார்.

பக்கத்தில் போய், மூடியைக் கழற்றி, அவர் கையில் வைத்தேன்.